ராஸ்பெரி பை பேக்கப்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் முழு எஸ்டி கார்டையும் பேக்கப் எடுக்க வேண்டுமா, என் கோப்புகள் மட்டும் போதுமா?

உங்கள் கோப்புகள்தான் முதலில். அதன் இயங்குதளமான ராஸ்பெரி பை ஓஎஸ்ஸை எப்போது வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்டும் மாற்றிய செட்டிங்குகளும் வேறெங்கும் கிடைக்காது. உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம், செட்டிங்குகள் இருக்கும் இடிசி ஃபோல்டர்களைத் தினமும் எடுங்கள். பலரும் விட்டுவிடுவது க்ரான்டேப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல். அது இந்த இரண்டிலும் இல்லை, வார் ஃபோல்டருக்குள் ஸ்பூலில் இருக்கிறது. ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் கட்டளை தரும் பேக்கேஜ் (நிறுவிய மென்பொருள்) பட்டியலையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு வையுங்கள். முழு இமேஜ், அதாவது கார்டின் அச்சு அசல் நகல், பெரிய மாற்றம் எதையாவது செய்து முடித்த பிறகு ஒருமுறை எடுத்தால் போதும்.

பை ஓடிக்கொண்டிருக்கும்போதே டிடி கட்டளையால் இமேஜ் எடுக்கலாமா?

வேண்டாம். டிடி கார்டின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை படித்து முடிப்பதற்குள், ஏற்கெனவே படித்த பகுதியில் வேறு ஏதாவது எழுதப்பட்டிருக்கும். அப்படி எடுத்த இமேஜ் பூட் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஷட்டவுன் செய்து, கார்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் எடுங்கள். எது கார்டு என்பதை டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டும் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இன்புட்டும் அவுட்புட்டும் இடம் மாறினால் கார்டு அழிந்தே போகும்.

இன்னொன்று: ஒரே 32 ஜிபி என்றாலும் எல்லாக் கார்டும் ஒரே அளவில் இருக்காது. சில எம்பி குறைந்தால்கூட இமேஜ் அடங்காது. பைஷ்ரிங்க் கொண்டு இமேஜைச் சுருக்கிவிடுங்கள். எழுதிய கார்டு முதல் பூட்டில் தானாக விரிந்துகொள்ளும். எடுத்த இமேஜை ஓர் உபரி கார்டில் எழுதி, பூட் ஆகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

பென்டிரைவுக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கட்டளை) செய்தால் ஓனர்ஷிப் (கோப்பு யாருடையது என்ற விவரம்) பிழை வருகிறதே?

பென்டிரைவின் ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை அடுக்கும் முறை) ஃபேட்32 ஆகவோ எக்ஸ்ஃபேட் ஆகவோ இருக்கும். லினக்ஸ் அனுமதிகள் அவற்றில் தங்காது. இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸிலும் அதே பென்டிரைவ் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டி வையுங்கள். ஃபேட்32 இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

தினமும் இரவில் பென்டிரைவுக்கு பேக்கப் ஓடுகிறது. திடீரென கார்டு நிறைந்துவிட்டது, பென்டிரைவில் இடம் அப்படியே இருக்கிறது. ஏன்?

சில நாள் பென்டிரைவ் மவுன்ட் ஆகாமல் (ஒரு ஃபோல்டரோடு இணைக்கப்படாமல்) இருந்திருக்கும். அது உட்கார வேண்டிய ஃபோல்டர் மட்டும் கார்டில் வெறுமனே இருந்திருக்கும். ஆர்சிங்க்குக்கு வித்தியாசம் தெரியாது, சொன்ன பாதையில் கொட்டிவிடும். பிறகு பென்டிரைவ் மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதற்கு அடியில் மறைந்துகொள்கின்றன. மொத்த இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கார்டு நிறைந்ததாகச் சொல்லும், ஃபோல்டர் அளவைக் காட்டும் டியூ போட்டுத் தேடினால் எதுவும் சிக்காது.

அன்மவுன்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டருக்குள் பாருங்கள், எல்லாம் அங்கே இருக்கும். அழிப்பதற்கு முன் பென்டிரைவைக் கையால் உருவியே விடுங்கள். உண்மையான பேக்கப்பை அழித்துவிடக் கூடாது. இனிமேல் ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மவுன்ட்பாயின்ட் கட்டளை இருக்கட்டும், மவுன்ட் ஆகவில்லையென்றால் அங்கேயே நிற்கட்டும். மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் பென்டிரைவின் யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) கொடுத்து, நோஃபெயில் ஆப்ஷனைச் சேருங்கள். பென்டிரைவ் இல்லாவிட்டாலும் பை பூட் ஆகும்.

சென்சார் அளவுகளை எஸ்கியூலைட் டேட்டாபேஸில் சேமிக்கிறேன். அந்த ஃபைலை காப்பி செய்தால் போதாதா?

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் காப்பி செய்தால் பாதி பழையது, பாதி புதியது என்று டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். எஸ்கியூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளையால் தனி ஃபைல் எடுத்து, அதை ஆர்சிங்க்குக்குக் கொடுங்கள். மரியாடிபி டேட்டாபேஸ் என்றால் டம்ப் (எல்லாத் தகவலையும் ஒரு ஃபைலாக வெளியே எழுதுவது) எடுங்கள்.

தவறுதலாக அழித்த படங்கள் பேக்கப்பிலும் இல்லை. மீட்க வழி உண்டா?

ஆர்சிங்க்கில் டிலீட் ஆப்ஷன் போட்டிருப்பீர்கள். மூலத்தில் இல்லாததை அது நகலிலிருந்தும் எடுத்துவிடும். கார்டில் மேற்கொண்டு எதுவும் எழுதாமல் உடனே ஷட்டவுன் செய்து, வேறு கம்ப்யூட்டரில் அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் தேறலாம், உறுதியில்லை. அடுத்த முறை லிங்க்-டெஸ்ட் (--link-dest) ஆப்ஷனைப் பயன்படுத்தி, தேதிவாரியாக ஃபோல்டர் வையுங்கள். மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டுமே போடுவதால் ஒரு வாரத்து நகல்களும் சேர்ந்து அதிக இடம் பிடிக்காது. இதற்கும் இஎக்ஸ்டி4 தான் வேண்டும்.