கழுவிய காரில் ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டால்

கேள்வி: காரைக் கழுவி, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருந்தேன். இரண்டு நாள் கழித்து எடுத்தபோது லீவரை முழுதாக இறக்கியும் வண்டி நகரவில்லை. கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிறகு சாதாரணமாக ஓடியது. பிரேக் கெட்டுவிட்டதா? மறுபடி இப்படி ஆகாமலிருக்க என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் பிரேக் கெடவில்லை, துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் கிண்ணம் போன்ற பாகம், வார்ப்பிரும்பால் ஆனது. ஈரம் பட்டால் சில மணி நேரத்திலேயே அதன் மேல் மெல்லிய துரு படிந்துவிடும். ஓடும் வண்டியில் முதல் நாலைந்து பிரேக்கிலேயே அது தேய்ந்து போய்விடும் என்பதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் கழுவிய கையோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினால், பிரேக் ஷூவின் லைனிங் (டிரம்மின் உட்புறத்தை அழுத்தும் வளைந்த கட்டையும், அதன் மேல் ஒட்டியுள்ள உராயும் பட்டையும்) ஈர டிரம்மை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறது. நடுவில் சிக்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. துரு வளர்ந்து இரண்டையும் பசைபோல ஒட்டிவிடுகிறது. நீங்கள் கேட்ட ‘டொக்’ அந்த ஒட்டு விட்ட சத்தம்தான். டிஸ்க் பிரேக்கிலும், சுழலும் தட்டை இருபுறமும் பிடிக்கும் பேட் ஒட்டும். ஆனால் அது திறந்த அமைப்பு, சீக்கிரம் காய்ந்துவிடும், லேசாக நகர்த்தினாலே விட்டுவிடும்.

இன்னொரு சாத்தியத்தையும் பார்த்துவிடுங்கள். சத்தமே வராமல் வண்டி இழுத்துப் பிடித்தபடியே ஓடினாலோ, ஒரு சக்கரம் மட்டும் சூடேறிக் கருகிய வாடை வந்தாலோ, பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கிறது. உள்ளே ஸ்பிரிங் போன்ற வேறு பாகம் சிக்கியிருக்கவும் கூடும். இது தானாகச் சரியாகாது. அப்படியே ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மறுபடி ஒட்டினால் ஆக்சிலரேட்டரை அழுத்தி இழுக்கவே வேண்டாம். ஒட்டு பலமாக இருந்தால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்து டிரம்முக்குள் சிக்கிவிடும். அப்போதுதான் உண்மையான செலவு வரும். லீவர் முழுதாக இறங்கியிருக்கிறதா, டாஷ்போர்டில் பிரேக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முதல் கியரில் மெதுவாக ஒரு முட்டு, அப்புறம் ரிவர்ஸில் ஒரு முட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே விட்டுவிடும். ஒருவரைப் பக்கவாட்டில், தள்ளி நின்று பின்சக்கரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: முன்சக்கர இழுவை வண்டியில் பின்சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்துகொண்டே வருவது உள்ளே இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம்.

அதற்கும் விடவில்லையென்றால், சமதளத்தில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். விளிம்பில் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுபோகும். பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவதே நல்லது. துருவை இளக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் தயவுசெய்து டிரம்முக்குள் அடிக்காதீர்கள். லைனிங் எண்ணெயைக் குடித்துவிட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது, ஷூவையே மாற்ற வேண்டிவரும்.

சரி, இனி வராமலிருக்க. கழுவியதும் வண்டியை நிறுத்திவிடாமல் சில நிமிடம் ஓட்டி, பின்னால் யாரும் வராதபோது பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்துங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். சில வண்டிகளில் பின்பக்கம் டிஸ்க் இருக்கும், ஆனால் ஹேண்ட் பிரேக்குக்கென்று டிஸ்க்கின் நடுவே தனியாகச் சின்ன டிரம் இருக்கும். கால் பிரேக் அதை உலர்த்தாது. அந்த வண்டிகளை நன்றாகக் காயும்வரை சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமலே நிறுத்துவது எளிது. மேனுவல் வண்டி என்றால் முதல் கியர் அல்லது ரிவர்ஸ், ஆட்டோமேட்டிக் என்றால் ‘பி’. இரண்டிலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்தும்போதும் இதையே செய்யலாம். சரிவில் மட்டும் இந்த யோசனை கூடாது. அங்கே ஹேண்ட் பிரேக் கட்டாயம், ஆகவே உலர்த்திவிட்டே நிறுத்துங்கள்.

பிரஷர் வாஷரின் பீச்சலைச் சக்கரத்தின் உட்பக்கம் நேராகக் காட்டுவதையும் தவிருங்கள். டிரம்முக்குள்ளும் கேபிள் உறைக்குள்ளும் தண்ணீர் புக அதுவே சுலபமான வழி.

உங்கள் வண்டி இப்போது தாராளமாக உருள்கிறது, உராயும் சத்தம் இல்லை, ஹேண்ட் பிரேக் முன்புபோலவே பிடிக்கிறது என்றால் உடனே எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அடுத்த சர்வீஸில் டிரம்மைத் திறந்து லைனிங்கின் ஓரங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.