உறங்காத பிள்ளையும் ஃபிளாஷ் வெளிச்சமும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். என் ஆச்சி சொல்லும் ஒரு கதையைச் சின்னப் புத்தகமாகப் போட ஆசை. உறக்கம் வராத ஒரு பிள்ளை ராத்திரி எழுந்து பசு, கிணறு, பனை, ஆறு என்று ஒவ்வொன்றிடமும் போய், 'நீ உறங்கிட்டியா?' என்று கேட்கும். கடைசியில் பத்தமடைப் பாய், 'நீ வந்து படுத்தாத்தான நான் உறங்க முடியும்' என்று சொல்லும். அவ்வளவுதான் கதை. ஓவியருக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. என் மகளையே அந்தப் பிள்ளையாக வைத்துப் படங்கள் எடுத்துவிட்டேன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மாதிரி போட்டுப் பார்த்தால் பாதிப் பக்கம் தார் பூசியது போல வருகிறது. 'போட்டோ எல்லாம் பாடப் புத்தகத்துக்குத்தான், உறங்கப் போற பிள்ளைக்குப் படம் வரையணும்' என்று வீட்டில் சொல்கிறார்கள். படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

எஸ்.


அன்புள்ள தம்பி,

வீட்டில் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. 1930-லேயே எட்வர்ட் ஸ்டைக்கன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் மகள் மேரியோடு சேர்ந்து கைக்குழந்தைகளுக்கென்றே ஒரு படப் புத்தகம் செய்தார். கறுப்பு வெள்ளைப் படங்கள், படத்தோடு எழுத்தே கிடையாது. குழந்தை தினமும் பார்க்கிற சாமான்கள்தான் அதில் இருந்தன. உங்கள் ஆச்சியின் கதையும் அந்த வகைதான். பசு, கிணறு, பனை எல்லாம் வாசலைத் தாண்டினால் நிற்பவை. அவற்றை வரையத்தான் வேண்டும் என்று என்ன இருக்கிறது?

ஆனால் நீங்கள் எடுத்திருப்பவை கல்யாணப் படங்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் உங்கள் மகள் நடுவில் நிற்கிறாள், முகத்தில் முழு வெளிச்சம், பார்வை நேராக நம்மிடம். ஆல்பத்துக்கு அது சரி. இந்தக் கதையைக் கேட்கப் போகிற பிள்ளைக்கு உறங்காமல் அலைகிறவள் தானேதான். பக்கத்தைத் திருப்பியதும் கம்மல் போட்ட வேறொரு முகம் தன்னைப் பார்த்தால், 'இது யாரு? எந்த ஊரு?' என்று கேள்வி கிளம்பும். அப்புறம் எங்கே உறக்கம்? வரைந்த முகத்துக்குள் எந்தப் பிள்ளையும் நுழைந்துகொள்ளும். புகைப்பட முகம் ஒரே பிள்ளைக்குச் சொந்தம். அதனால் முகத்தை விட்டுவிடுங்கள். கிணற்றுச் சுவரைப் பிடித்த விரல்கள், படியில் கொலுசுக் கால், அவிழ்ந்த சடையோடு முதுகு, இவை போதும். உங்கள் மகள் பெரியவளாகி, என் முகம் ஏன் கடைகடையாகத் தொங்குகிறது என்று கேட்கிற நிலையும் வராது.

இனி அந்தக் கறுப்புப் பக்கங்கள். அச்சகத்தைத் திட்டிப் பயனில்லை. மேப்லித்தோ என்பது பூச்சில்லாத சாதாரணத் தாள், மையை உறிஞ்சும், அச்சுப் புள்ளிகள் பரவும், நிழலில் உள்ள நுணுக்கம் எல்லாம் அடைந்துவிடும். அச்சில் போடும் நான்கு நிற மையும், ஒவ்வொன்றும் நூறு வரை போகலாம், சேர்ந்து 300 சதவீதத்தை நெருங்கும் இருட்டு அந்தத் தாளில் லேசில் காயாது, எதிர்ப் பக்கத்திலும் ஒட்டும். பளபளக்கும் ஆர்ட் தாளுக்கு மாறினால் கறுப்பு நன்றாக நிற்கும், ஆனால் விளக்கின் வெளிச்சம் பக்கத்தில் பட்டுக் கண்ணில் அடிக்கும். மேட் பூச்சுத் தாள் கட்டுப்படியானால் அதையே கேளுங்கள்.

தாளைவிடப் பெரிய விஷயம், இந்தப் புத்தகத்தை எந்த வெளிச்சத்தில் பிரிப்பார்கள் என்பது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, மஞ்சள் பல்பிலோ ஜீரோ வாட் வெளிச்சத்திலோதான் பிரிப்பார்கள். நீங்கள் கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ரசித்த கருநீல வானம் அங்கே வெறும் கறுப்பு. மஞ்சள் வெளிச்சத்தில் நீல ஒளி குறைவு, நீல மை திருப்பித் தர ஒன்றும் இருக்காது. அதனால் ராத்திரியை ராத்திரியில் எடுக்காதீர்கள், அந்தியில் எடுங்கள். நம் பக்கம் சூரியன் இறங்கி 20, 25 நிமிடத்தில் இருட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் மேற்கே பொதிகை நிற்பதால் அம்பாசமுத்திரத்தில் உங்களுக்கு ஒரு சலுகை உண்டு. வெயில் மலைக்குப் பின்னால் முன்கூட்டியே போய்விடும், வானத்தில் மட்டும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். வயல், பனை, படித்துறை எதிலும் கூர்மையான நிழல் விழாது. அந்த நேரத்தில் ஸ்டாண்டில் கேமராவை வைத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் பார்க்கிறவருக்கு அது ராத்திரிதான். அச்சிலும் விவரம் நிற்கும்.

ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தொழுவத்துப் படத்தைப் பாருங்கள், பசுவின் கண் இரண்டும் பச்சையாக ஜொலிக்கின்றன. இருட்டில் பார்ப்பதற்காக மாட்டுக் கண்ணின் பின்புறம் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, ஃபிளாஷ் அதில் பட்டுத் தெறிக்கும். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிள்ளை விடியும்வரை உறங்காது. பசு படுத்து அசைபோடும்போது, வாசல் பல்பு வெளிச்சத்திலேயே எடுங்கள். மாடு அசைந்தால் படம் கலங்கும், பொறுமை வேண்டும்.

அசைவே உதவுகிற இடம் ஆறு. தாமிரபரணியை வழக்கம்போல எடுத்தால் அலை அலையாக விழித்துக்கொண்டிருக்கும். ஷட்டரைப் பத்து இருபது விநாடி திறந்து வைத்தால் சிற்றலைகள் எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்து நீர் தட்டையாகிவிடும். கதையில் ஆறு உறங்குகிற பக்கத்துக்கு அதைப் போடுங்கள்.

நெல்லையப்பர் கோபுரத்துக்குப் பக்கத்தில் தட்டளவு நிலாவை ஒட்டியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடுங்கள். சன்னல் வழியே பிள்ளை நிஜ நிலாவைப் பார்க்கும், சுண்டு விரல் நகத்தால் மறைத்துவிடலாம் அதை. உங்கள் புத்தகம் புளுகுகிறது என்று அன்றைக்கே தெரிந்துபோகும். கதையில் கோபுரமே கிடையாது என்பது வேறு விஷயம்!

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது பக்கத்துக்குப் பக்கம் படம் பெரிதாகிக்கொண்டே போகிறது. உறங்கவைக்கிற புத்தகம் எதிர்த்திசையில் போக வேண்டும். தெருவும் டீக்கடையும் ஆட்களுமாகத் தொடங்கலாம். போகப் போகப் படத்தில் பொருள் குறையட்டும், வெளிச்சமும் படிப்படியாக இறங்கட்டும். பாய் வருகிற பக்கத்தில் உங்கள் மகளைப் படுக்க வைத்திருக்கிறீர்கள். வேண்டாம், பாய் மட்டும் போதும், இடம் காலியாக இருக்கட்டும். ஒரு பக்கமிருந்து தாழ்வாக வெளிச்சம் விழும்படி எடுங்கள், கோரையின் நெசவு ஒவ்வொரு இழையாகத் தெரியும். நேர் வெளிச்சத்தில் அது வெறும் துணி. அந்தப் படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரிப்பதானால் நல்ல இடத்தை நடு மடிப்பில் விடாதீர்கள், மடிப்புக்குள் போய்விடும்.

மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன் ஆற்றுப் பக்கத்தையும் பாய்ப் பக்கத்தையும் மட்டும் அதே தாளில் போட்டு வாங்குங்கள். ராத்திரி விளக்கில் உங்கள் ஆச்சியிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் கண்ணாடியைத் தேடினால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்ட வேண்டும்.

அன்புடன்,
அண்ணாச்சி