எப்போதிலிருந்து மறதி? முதியவர்களின் நினைவு பற்றிக் கேள்வி பதில்

கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. முதியோர் மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 69: டாக்டர் அம்மா, என்னிடம் படித்தவன் கடைத்தெருவில் வணக்கம் வைக்கிறான். முகம் தெரிகிறது, எந்த வருஷத்து செட் என்றுகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தானாக வருகிறது. இதுதான் ஆரம்பமா?

பதில்: இல்லை சார். செருப்பைக் கழற்றும்போது வந்துவிட்டதே, அதுவே பதில். பெயர் அழியவில்லை, எடுக்கத்தான் நேரமாகிறது. எல்லாவற்றிலும் பெயர்தான் முதலில் தகராறு செய்யும். ஒருவர் தையல்காரர் என்றால் கத்தரி, அளவு நாடா, கடை என்று பிடித்துக்கொள்ளப் பத்து விஷயம் உண்டு. செந்தில் என்ற பெயருக்கும் அந்த முகத்துக்கும் அப்படி ஒட்டு எதுவும் கிடையாது.

வயது ஏற ஏற மூளையின் வேகம் குறையும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வது சிரமமாகும். டிவி ஓடும்போது போன் நம்பர் சொன்னால் மனதில் நிற்காது. ஆனால் சொல்வளமும் பொது அறிவும் அறுபதைத் தாண்டியும் வளர்கின்றன. பேரனோடு குறுக்கெழுத்துப் போட்டி வையுங்கள், யார் ஜெயிக்கிறார் என்று பார்ப்போம். தினமும் போகிற பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால் மட்டும் உடனே வாருங்கள். அது வேறு கதை.

தேவனாம்பட்டினம், மருமகள்: மாமியாருக்கு 80 வயது. சுனாமி அன்று யார் யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், தானே புயலில் அவர் தம்பி தோப்பில் எந்தப் பலாமரம் விழுந்தது எல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறார். ஆனால் சாப்பிட்டு அரை மணி நேரத்தில் "இன்னும் சோறு போடலையா" என்கிறார். நான் பட்டினி போடுவதாகத் தெருவில் பேச்சு. இவ்வளவு ஞாபகம் இருக்கிறவர் வேண்டுமென்றேதான் செய்கிறார் என்கிறார் என் வீட்டுக்காரர்.

பதில்: வேண்டுமென்று செய்யவில்லை அம்மா. இதை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பழைய நினைவும் புதிய நினைவும் மூளையில் ஒரே இடத்தைச் சார்ந்து இருப்பதில்லை. இன்று நடந்ததைப் பதிய வைக்கும் வேலை ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியுடையது. அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் அங்கேயும் அதன் பக்கத்திலும்தான் முதலில் கை வைக்கிறது. 2004 டிசம்பர் 26-ஐயும் 2011 டிசம்பர் 30-ஐயும் உங்கள் மாமியார் உயிர் பயத்தோடு அனுபவித்து, அதற்கப்புறம் எத்தனையோ முறை சொல்லியிருப்பார். அவை மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவி ஊறிப்போனவை. அரை மணிக்கு முன் சாப்பிட்ட சாம்பார் சாதமோ பதியவே இல்லை. அது அவரைப் பொறுத்தவரை மறந்துபோன சாப்பாடு அல்ல, நடக்காத சாப்பாடு. அதனால் "இப்பதானே போட்டேன்" என்று வாதாடிப் பயனில்லை. அவர் காதில் அது பொய்யாகத்தான் விழும்.

சாப்பிட்ட தட்டை உடனே கழுவாதீர்கள். மீன் முள்ளோடு அவர் கண் முன்னால் கொஞ்ச நேரம் இருக்கட்டும். கேட்டால், "உலை கொதிக்குது அத்தை, அதுவரைக்கும் இதைச் சாப்பிடுங்க" என்று அரை இட்லியோ ஒரு துண்டு பழமோ கொடுங்கள். மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாகப் பிரித்தால் இன்னும் சுலபம். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முந்திக்கொண்டு, "அத்தைக்கு மறதி நோய் இருக்குமோன்னு பார்க்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். மறைப்பதால்தான் பேச்சு வளர்கிறது.

டாக்டரிடம் காட்டும்போது இது எப்போதிலிருந்து என்று கட்டாயம் சொல்லுங்கள். எதை மறந்தார் என்பதைவிட எனக்கு அதுதான் முக்கியம். மாதக்கணக்கில் மெல்ல வந்ததா, ஒரு வாரத்தில் வந்ததா, படிப்படியாக இறங்கியதா? பாதி நோயறிதல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

வில்லியனூர், மகன்: அப்பாவுக்கு 76. போன வாரம் வரை நன்றாக இருந்தார். நான்கு நாளாக ராத்திரியில் யாரோ வீட்டுக்குள் வந்திருப்பதாகச் சொல்கிறார், பகலில் தூங்கி வழிகிறார். போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், அடி ஒன்றும் இல்லை. வயசாகிவிட்டதால்தானே?

பதில்: நான்கு நாளில் யாருக்கும் வயசாகாது. இதைப் படித்து முடித்ததும் அழைத்துப் போங்கள். கோரிமேடு ஜிப்மராக இருந்தாலும் சரி, பக்கத்து ஆஸ்பத்திரியாக இருந்தாலும் சரி, அவசரப் பிரிவுக்கே போங்கள். விழுந்ததைச் சொல்லாமல் விடாதீர்கள். முதியவர்களுக்குத் தலைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து அதிகம். சிடி ஸ்கேனில் தெரிந்துவிடும். அது இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நிமோனியா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இந்தத் திடீர்க் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் குறையும். "வயசானா அப்படித்தான்" என்ற வாக்கியம் எத்தனையோ பேரைத் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது.

முத்தியால்பேட்டை, மனைவி: என் கணவருக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாக மந்தமாக இருக்கிறார், சொன்னதையே சொல்கிறார். மாத்திரைகள் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள், கடையில் கேட்டு வாங்கியதையும் சேர்த்து. சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் நினைவும் தடுமாறும், பாதமும் மரத்துப்போகும். சைவக்காரர் என்றால் சந்தேகம் இரட்டிப்பு. சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற பழைய ரக அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்குத் தரும் சில மாத்திரைகள் முதியவர்களின் மூளையை மங்க வைக்கும். தைராய்டும் பாருங்கள். மனச்சோர்வும் மறதி வேஷத்தில் வரும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், தூக்க மாத்திரையைக் குறிப்பாக.

கடலூர் முதுநகர், மகள்: அம்மா மீன் வியாபாரம் செய்தவர், பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லை. ஒரு இடத்தில் டெஸ்ட் வைத்து 30-க்கு 16 போட்டு, டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்லிவிட்டார்கள். அவர் சீட்டுக் கணக்கு இன்னும் மனதிலேயே போடுகிறார்!

பதில்: அந்த 16-ஐ வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. 30 மதிப்பெண் தேர்வுகளில் பரவலாக இருப்பது 1975-இல் அமெரிக்காவில் வந்தது. ஒரு வாக்கியம் எழுது, படத்தைப் பார்த்து வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்கும். பேனாவே பிடிக்காதவருக்கு அங்கேயே மதிப்பெண் போய்விடும். படிக்காதவர்களுக்கு ஏற்றபடி மாற்றிய தேர்வுகள் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நான் கேட்டிருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: கூடை 1,400 ரூபாய்க்கு எடுத்தால், 200 ரூபாய் லாபம் வர எவ்வளவுக்கு விற்கணும்? போன மாதச் சீட்டை யார் எடுத்தது? சங்கரா மீன் குழம்புக்கு எதை முதலில் போடுவீர்கள்? இதில் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன் எப்படி இருந்தார், இப்போது எப்படி என்று உங்களையும் தனியாகக் கேட்பேன். ஒருவரை அவருடைய பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்தவரோடு அல்ல. ஆனால், கணக்குப் போடுகிறார் என்பதற்காக நோயே இல்லை என்றும் நினைக்காதீர்கள். ஐம்பது வருஷப் பழக்கம் கடைசி வரை கைகொடுக்கும். போன மாதச் சீட்டு புதிய நினைவு, அதில் தடுமாறினால்தான் எனக்குத் தூக்கம் வராது.

2023-இல் வெளியான ஒரு பெரிய இந்திய ஆய்வு, 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமத்தாரிடமும் அதிகம் என்றது. ஆகவே அலட்சியமும் வேண்டாம், அவசர முத்திரையும் வேண்டாம்.

குருசுக்குப்பம், பேத்தி: பாட்டி 35 வருஷம் பாரிஸில் இருந்துவிட்டு வந்தவர், டிமென்ஷியா உறுதியாகிவிட்டது. இப்போது பிரெஞ்சில் பேசினால் தமிழில் பதில் சொல்கிறார். பிரெஞ்சு மட்டும் தெரிந்த என் தம்பி நொந்துபோகிறான்.

பதில்: பல மொழி தெரிந்தவர்களுக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழியில் ஒதுங்குவதும் அடிக்கடி நடப்பதுதான். தம்பியை "சாப்டியா", "கால் வலிக்குதா" என்று பத்து வாக்கியம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினால் இலக்கணப் பிழையெல்லாம் செல்லும்.

லாஸ்பேட்டை, மகன்: அப்பா வங்கியில் இருந்தவர், கணக்கில் புலி. ஒரு வருஷமாகக் கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டுகிறார். போனில் போலீஸ் என்று மிரட்டிய எவனுக்கோ பணம் அனுப்பிவிட்டார். பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. பணக் கணக்குத் தடுமாறுவது பல வீடுகளில் முதல் அறிகுறி. அதனால் அவரைப் பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள். பவரைப் பொறுத்தவரை ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் நம் சட்டப்படி அந்தப் பவரும் செல்லாமல் போகும். அதற்கப்புறம் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றம்தான் போக வேண்டும். கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற இப்போதே, அவர் விருப்பப்படி முடியுங்கள். பெரிய தொகை ஒரு கணக்கிலும் கைச்செலவு இன்னொன்றிலும் இருக்கட்டும். ஏடிஎம் கார்டை ஒரேயடியாகப் பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார். முதியோருக்கான 14567 உதவி எண்ணிலும் சட்ட விவரம் கேட்கலாம்.

நெல்லிக்குப்பம், வயது 63: வல்லாரை, ஞாபகசக்தி டானிக், சுடோகு: எது பலன் தரும்?

பதில்: வல்லாரைத் துவையல் தோசைக்கு நன்றாக இருக்கும், அதற்காகச் சாப்பிடுங்கள். டானிக்குக்குக் காசு வேண்டாம். ஞாபகசக்திக்கென்று விற்கிற ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரையை 3,000-க்கும் அதிகமான முதியவர்களிடம் அமெரிக்காவில் சோதித்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-இலேயே சொல்லிவிட்டார்கள். சுடோகு போட்டால் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆவீர்கள்.

2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், புகை, மது, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாதது காது. காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குவார், விசேஷத்துக்குப் போகமாட்டார், மூளைக்கு வேலை குறையும். கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை, காது மெஷின் என்றால் மட்டும் கௌரவம் குறுக்கே வருகிறது. 63 நல்ல வயது, இந்த மாதமே காதைப் பரிசோதித்துவிடுங்கள். மெஷின் வேண்டும் என்றால், முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள் அமைதியான அறையில் மட்டும் போட்டுப் பழகுங்கள். நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள்தான் மறுநாளே கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.