பலாவில் மிளகுக் கொடி ஏற்றலாமா?

கேள்வி: தோட்டத்துப் பலா மரத்தில் மிளகு ஏற்றினால் மரம் பட்டுப்போகுமா?

பதில்: போகாது. மிளகு ஒட்டுண்ணி அல்ல. கணு வேர்களால் பட்டையைப் பற்றிக்கொள்ளுமே தவிர, சாற்றை உறிஞ்சாது. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, வடக்குப் பக்கம், ஒன்றரை அடி ஆழக் குழி எடுங்கள். தடித்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். மேல்மண்ணோடு 5 கிலோ மட்கிய தொழு உரம் கலந்து, ஜூன், ஜூலை மழையில் வேர்விட்ட 2 கன்றுகள் நடலாம்.

கொடி பிடிக்கும்வரை வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். நைலான் கயிறும் கம்பியும் வேண்டவே வேண்டாம். மரம் பருக்கும்போது பட்டைக்குள் இறங்கி நெரித்துவிடும். கொடி உச்சிக் கிளைகளை மூடி வெயிலை மறைப்பதுதான் மரத்துக்கு உண்மையான தொல்லை. 15 அடியில் நுனியை வெட்டிவிடுங்கள்; பறிக்க ஏணியும் எட்டும். பலா அடிமரத்திலேயே காய்ப்பதால், பிஞ்சு வரும் இடங்களில் கொடியை விலக்கிவிடுங்கள். தூரில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து கொடிதான் முதலில் சாகும்.