கேள்வி-பதில்: நெல் விளைவிக்கும் ஜப்பானிய விளையாட்டை வாங்கும் முன்

கேள்வி: எடெல்வைஸ் என்ற ஜப்பானியச் சிறு ஸ்டுடியோ உருவாக்கிய 'சகுனா: ஆஃப் ரைஸ் அண்ட் ரூயின்' என்ற வீடியோ கேமை வாங்க எண்ணுகிறேன். இரண்டு பேர் செய்தது என்கிறார்கள். ஆனால் சிறு ஸ்டுடியோக்களின் மற்ற விளையாட்டுகளை விட விலை கூடுதலாக இருக்கிறது. அந்த விலைக்குத் தகுமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: எடெல்வைஸின் மையத்தில் இருப்பவர்கள் நல், கொய்ச்சி என்ற புனைபெயர்களில் அறியப்படும் இருவர் என்பது உண்மைதான். ஆயினும் இசை, குரல், மொழிபெயர்ப்பு போன்ற பணிகளில் வெளியார் பலரும் உழைத்திருக்கிறார்கள். வெளியீட்டுப் பொறுப்பை ஜப்பானில் மார்வெலஸ் நிறுவனமும், வட அமெரிக்காவில் அதன் துணை நிறுவனமான எக்ஸ்சீட் கேம்ஸும் ஏற்றன. தோக்கியோவில் நடைபெறும் காமிக் மார்க்கெட் சந்தையில் சொந்தமாக வட்டு போட்டு விற்கும் ஆர்வலர் குழுக்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2020 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 4, நிண்டெண்டோவின் ஸ்விட்ச் ஆகிய விளையாட்டுக் கருவிகளிலும் கணினியிலும் வெளியான சகுனா, பின்னர் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எனவே செய்தவர்களின் எண்ணிக்கையை வைத்து விலையை அளக்க வேண்டியதில்லை. அந்த விலைக்கு என்ன கிடைக்கிறது, அது உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதே முறை.

கிடைப்பது பாதி சண்டை, பாதி வேளாண்மை. தேவர் நகரில் சொகுசாக வளர்ந்த சகுனா என்ற அறுவடைத் தெய்வம், அரக்கர்கள் வாழும் தீவுக்கு அனுப்பப்பட்டு, சில மனிதர்களோடு சேர்ந்து நெல் பயிரிட்டுப் பிழைக்க வேண்டியிருக்கிறது. இந்த வேளாண்மையை ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கடந்துவிட முடியாது. விதைநெல்லைத் தேர்ந்தெடுப்பது, வயலை உழுவது, நாற்றை ஒவ்வொன்றாக நடுவது, நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைப்பது, எருவைக் கலப்பது, களை எடுப்பது, அறுத்த கதிரைக் காயவைத்து உதிர்த்து உமி நீங்கக் குத்துவது என எல்லாவற்றையும் தொடக்கத்தில் நீங்களே செய்ய வேண்டும். எருவுக்கான மூலப்பொருள் சகுனாவோடு வாழும் அந்த மனிதர்களின் கழிவறையிலிருந்தும் வருகிறது என்பதை முகம் சுளிக்கக்கூடியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளைந்த அரிசியின் அளவும் சுவையும் மணமும்தான் சகுனாவின் உடல்வலிமையாக மாறுகின்றன. ஆகவே வயலைக் கவனிக்காதவர் சண்டையிலும் தோற்பார். வெளியான நாட்களில் ஜப்பானிய ஆட்டக்காரர்கள், அந்நாட்டு வேளாண்மை அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள நெல் சாகுபடிப் பக்கங்களையே வழிகாட்டியாகப் பயன்படுத்தினார்கள். டெல்டாவில் வளர்ந்த உங்களுக்கு அந்த வழிகாட்டி ஒருவேளை தேவைப்படாது.

சண்டைக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், இந்த விலைக்கு அதைவிட நல்ல சண்டை விளையாட்டுகள் உள்ளன. நெல்லுக்காகவும் வாங்குகிறீர்கள் என்றால், இதற்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்று தோன்றவில்லை.

கேள்வி: கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கி, பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறார்களே, இதற்கும் அது பொருந்துமா? – மதுரை வாசகர்

பதில்: பொருந்தும். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் சகுனாவைப் பொறுத்தவரை இந்த இரண்டு மணி நேர வரம்பு ஏமாற்றக்கூடியது. கதையின் தொடக்கமும், தீவில் குடியேறும் காட்சிகளும், முதல் சாகுபடியும் சேர்ந்து அந்த நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். முதல் ஆண்டில் நீங்கள் நாற்றைக் கோணல்மாணலாகத்தான் நடுவீர்கள். வேலை கையில் படிந்து, புதிய கருவிகளும் திறன்களும் கிடைத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் விளைச்சல் உயர்வதைப் பார்ப்பதில்தான் இந்த விளையாட்டின் சுவை முழுவதும் இருக்கிறது. விளையாட்டுக்குள் ஒரு பருவத்துக்கு மூன்று நாட்கள், ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாட்கள் என்று கணக்கு. அதில் ஒரே ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதுவது கடினம். ஆகவே வாங்கிய பிறகு சோதித்துப் பார்க்கலாம் என்று எண்ணாமல், யாராவது இரண்டாவது, மூன்றாவது சாகுபடியை விளையாடும் காணொளியை வாங்குவதற்கு முன்பே அரை மணி நேரம் பாருங்கள். அதைப் பார்க்கவே சலிப்பாக இருந்தால், விளையாடவும் சலிப்பாகத்தான் இருக்கும்.

பிளேஸ்டேஷன் கடையில் விதி இன்னும் கடுமையானது: பதிவிறக்கத் தொடங்கிவிட்டால், விளையாட்டில் பழுது இருந்தாலொழிய, பணம் திரும்புவது அரிது. நிண்டெண்டோவின் இணையக் கடையில் விற்பனை முடிந்தால் முடிந்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதே ஸ்டுடியோவின் 'ஆஸ்ட்பிரீட்' என்ற ராட்சத ரோபோச் சண்டை விளையாட்டு மிகச் சிறியது. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது தவறா? – கோவை வாசகர்

பதில்: ஸ்டீமின் தானியங்கி முறை உங்கள் கோரிக்கையை ஏற்கக்கூடும். ஆனால் பணம் திருப்பித் தரும் வசதி இலவசமாக விளையாடுவதற்காக அல்ல என்று ஸ்டீமின் விதியே சொல்கிறது; அடிக்கடி அப்படிச் செய்பவர்களுக்கு அந்த வசதியை நிறுத்தவும் ஸ்டீமுக்கு உரிமை உண்டு. முழுதும் சாப்பிட்டு முடித்த பிறகு இலையைக் காட்டிக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தள்ளுபடிக் காலம் வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: சகுனாவை ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜாக (கருவியில் செருகும் சிறு அட்டையாக) வாங்க விரும்புகிறேன். இணையச் சந்தையில் ஜப்பானியப் பிரதி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. – சென்னை வாசகர்

பதில்: ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ்களுக்கு நாட்டுப் பூட்டு (ஒரு நாட்டில் விற்றதை வேறு நாட்டுக் கருவியில் ஓடவிடாத தடை) இல்லை என்பதால் அது உங்கள் கருவியில் ஓடும். ஆனால் ஓடுவதும் புரிவதும் வேறு. ஒரு நாட்டுப் பிரதியில் உள்ள மொழிகள் இன்னொரு நாட்டுப் பிரதியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆங்கில எழுத்துகள் உள்ளனவா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலைப் பாதுகாத்து வையுங்கள். நெல் வேலைக்கான குறிப்புகளை வாசிக்காமல் இதில் ஓர் அடியும் நகர முடியாது.

ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படாமல் இறக்குமதி வழியாகவே புழங்கிவந்தது என்பதால், பழுதானால் நிறுவனத்தின் உள்நாட்டுச் சேவையை நம்பி இருக்க வேண்டாம். உங்களுக்குப் பொறுப்பானவர் விற்பனையாளரே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இறக்குமதிப் பொருளுக்கு அது தயாரான நாட்டையும் இறக்குமதியாளரின் விவரத்தையும் காட்ட வேண்டும். பழுதுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 'ஆங்கிலம் உண்டு' என்று சொல்லி விற்றதில் ஆங்கிலம் இல்லையென்றால் அதுவும் இதில் அடங்கும். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரளிக்கலாம். பார்சலைப் பிரிக்கும்போது படம் பிடித்து வைப்பது பிற்பாடு வழக்கைப் பாதி முடித்துவிடும்.

கேள்வி: இலங்கையில் ஸ்டீம் விலை டாலரில் வருகிறது. மூன்றாம் தரப்புத் தளங்களில் ஸ்டீம் குறியீட்டை (ஸ்டீமில் உள்ளிட்டால் விளையாட்டு நம் கணக்கில் சேரும் எழுத்து-எண் வரிசையை) மிக மலிவாக விற்கிறார்கள். வாங்கலாமா? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: வெளியீட்டாளரிடமிருந்து நேரடியாகக் குறியீட்டைப் பெற்று விற்கும் கடைகளும் உள்ளன, தனிநபர்கள் கைமாற்றி விற்கும் சந்தைகளும் உள்ளன. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை என்றே தோன்றுகிறது. அங்கே திருட்டு வங்கி அட்டையில் வாங்கிய குறியீடுகளும் கலந்து வரும். அட்டையின் உரிமையாளர் பணத்தைத் திரும்பப் பெறும்போது இழப்பு வெளியீட்டாளர் தலையில் விழுகிறது, குறியீடும் ரத்தாகலாம். தவிர, ஒரு பிராந்தியத்துக்கென வழங்கிய குறியீடு உங்கள் நாட்டில் செயல்படாமலும் போகலாம்; ஸ்டீமுக்கு வெளியே வாங்கியதற்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. டாலர் விலை சுடுகிறது என்றால் விளையாட்டை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். விலை குறையும் நாளில் மின்னஞ்சல் தானாக வரும். சகுனா அவ்வப்போது தள்ளுபடியில் வரும் விளையாட்டுதான்.