டம்ளர்ல வந்த பழுப்பு உங்க தண்ணியோடது இல்ல, அவர் விட்ட கம்பியோடது

வேளச்சேரியில ஒரு அபார்ட்மெண்ட்ல இருக்க சகோதரி எழுதியிருக்காங்க. ஆர்ஓ மெஷின், அதாவது சவ்வு வழியா தண்ணியில இருக்க உப்பை வடிகட்டுற மெஷின் விக்கிறவர் வீட்டுக்கு வந்து, ரெண்டு டம்ளர்ல தண்ணி பிடிச்சாராம். ஒண்ணு இவங்க குழாய்த் தண்ணி, டிடிஎஸ் (ஒரு லிட்டர்ல எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குங்கிற அளவு) 340. இன்னொண்ணு அவர் கையோட கொண்டு வந்த ஆர்ஓ தண்ணி, டிடிஎஸ் 40. பிளக்ல சொருகுற ஒரு பெட்டியோட கம்பிகளை ரெண்டுலயும் விட்டு சுவிட்ச் போட்டதும், குழாய்த் தண்ணி ஒரே நிமிஷத்துல சாக்கடை மாதிரி பழுப்பா கொழகொழன்னு ஆயிடுச்சு, அவர் தண்ணி அப்படியே இருந்துச்சு. "இதைத்தான் உங்க பிள்ளை தினம் குடிக்கிறான், கிட்னி என்னத்துக்கு ஆகும்"னு கேட்டுட்டு, 18,500 ரூபாய் மெஷினுக்கு 2,000 அட்வான்ஸும் வாங்கிட்டுப் போயிட்டாராம். பத்தாவது படிக்கிற பையன் மட்டும் "தெளிவா இருந்த தண்ணியில அவ்வளவு அழுக்கு எங்கம்மா ஒளிஞ்சிருந்துச்சு"ன்னு கேட்டிருக்கான். இவங்களுக்கு பதில் தெரியல, பயத்துல தூக்கமும் வரல.

முதல்ல பயத்தை விடுங்க. பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த அழுக்கு உங்க தண்ணியில ஒளிஞ்சிருக்கவே இல்ல, அந்த ஒரு நிமிஷத்துல உங்க டம்ளருக்குள்ளயே புதுசா உண்டாக்கினது.

உப்பைத் தண்ணியில கரைச்சா அது கண்ணுக்கு மறையுது, ஆனா தண்ணியை வத்த வச்சா அதே உப்பு திரும்பி வந்துடும், இது இயற்பியல் மாற்றம், பொருள் மாறல. இரும்பு துருப்பிடிச்சா அது வேற பொருள், திரும்ப இரும்பாக்க உலைக்குத்தான் போகணும், இது வேதியியல் மாற்றம். உங்க டம்ளர்ல நடந்தது ரெண்டாவது வகை. கரண்ட் விட்டு நடத்துறதால இதுக்கு மின்னாற்பகுப்புன்னு பேரு. அந்தப் பெட்டியில வழக்கமா டம்ளருக்கு ஒரு ஜோடின்னு ரெண்டு ஜோடி கம்பி இருக்கும், ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு இரும்பு, ஒண்ணு அலுமினியம். கரண்ட் போனதும் இரும்புக் கம்பி கரைய ஆரம்பிக்குது, எதிர்க் கம்பியில பொடிப்பொடியா குமிழ் வருதே அது ஹைட்ரஜன், அது வரும்போது தண்ணியில ஹைட்ராக்சைடும் சேருது, கரைஞ்ச இரும்பு அதோட சேர்ந்து முதல்ல பச்சையா ஒரு கொழகொழப்பு, அப்புறம் காத்துல இருக்க ஆக்சிஜனும் சேர்ந்து பழுப்பு. அலுமினியக் கம்பி கரைஞ்சா வெள்ளையா திரிதிரியா மிதக்கும். அவ்வளவுதான். "பச்சைன்னா ஆர்சனிக், கறுப்புன்னா ஈயம், வெள்ளைன்னா வேற என்னமோ"ன்னு ஒரு கலர் சார்ட் காட்டுவாங்க பாருங்க, அது சுத்தப் பொய், ஆர்சனிக்கையோ ஈயத்தையோ இப்படி டம்ளர்ல கலர் பாத்து யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

எவ்வளவு இரும்பு கரையும்னு கேட்டா, ஃபாரடே 1830-கள்லயே கணக்கு சொல்லிட்டார். 0.1 ஆம்பியர் கரண்ட் ஒரு நிமிஷம் போனா சுமார் 1.7 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லி டம்ளர்ல அது லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கும் மேல. லிட்டருக்கு 0.3 தாண்டினாலே வெள்ளைத் துணியில கறை விழும்னா, 8 எப்படித் தெரியும்னு நீங்களே பாத்துக்கோங்க.

அப்போ அவர் தண்ணி ஏன் மாறல? அதுல உப்பு கம்மி, உப்பு கம்மின்னா கரண்ட் சரியா போகாது, கரண்ட் போகலைன்னா கம்பி கரையாது. சுத்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அடுத்த தடவை யாராவது பெட்டியோட வந்தா, அவர் கொண்டு வந்த தண்ணியிலயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுட்டு "இப்போ சுவிட்ச் போடுங்க"ன்னு சொல்லுங்க. உங்க தண்ணியை விட மோசமா பழுத்துடும். முடிஞ்சதும் கம்பியைத் துடைச்சுப் பாருங்க, அரிச்சு சொரசொரன்னு இருக்கும், அந்த அரிச்சது எங்க போச்சுன்னு கேளுங்க. நீங்களா மட்டும் அந்தப் பெட்டியைத் தொட வேணாம், பல பெட்டிகள் நேரா வீட்டு 230 வோல்ட்ல ஓடுறது, குழந்தை விரலை விட்டா உயிருக்கே ஆபத்து.

இப்படி மெஷின் விக்கிறவங்க கையில இன்னும் ரெண்டு வித்தை இருக்கு, அதையும் சொல்லிடுறேன், ஏன்னா ஒண்ணுல மாட்டலைன்னா இன்னொண்ணுல மாட்ட வைப்பாங்க. ஒண்ணு, ஓடி டிராப்ஸ்னு ரெண்டு சொட்டு விட்டு தண்ணியை மஞ்சளாக்கி "பாத்தீங்களா விஷம்"னு சொல்றது. அந்த மஞ்சள் குளோரினுக்கு வர்றது. குழாய்த் தண்ணியில குளோரின் கொஞ்சம் மிச்சம் இருந்தே ஆகணும், நம்ம இந்தியத் தரம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு சொல்லுது, அது இல்லாத நாள்தான் நீங்க கவலைப்படணும். ரெண்டாவது, பாத்திரத்துல அடியில படியுற வெள்ளையைக் காட்டி கிட்னி கல்லுன்னு பயமுறுத்துறது. கொதிக்க வச்சா தண்ணியில கரைஞ்சிருந்த கால்சியம் பைகார்பனேட் உடைஞ்சு கால்சியம் கார்பனேட்டா படியுது, பையன் புத்தகத்துல சிதைவு வினைன்னு இருக்குமே அதேதான். வினிகர் ஊத்தினா நுரைச்சு கரைஞ்சு போயிடும். காய்ச்சிக் குடிக்கிறதை இதுக்காக நிறுத்திடாதீங்க, கிருமியைக் கொல்றது அதுதான்.

டிடிஎஸ் மீட்டரும் கிருமியைக் காட்டாது. அது தண்ணி எவ்வளவு கரண்ட் கடத்துதுன்னு பாத்து ஒரு நம்பர் போடுது, சர்க்கரையைக் கரைச்சாக்கூட பெருசா அசையாது. உங்க 340 நல்ல நம்பர். ஐஎஸ் 10500-ல 500 வரைக்கும் தாராளமா ஏத்துக்கலாம், வேற வழியே இல்லாத ஊர்ல 2000 வரைக்கும்கூட அனுமதி. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாசமே 500-க்குக் கீழ இருக்க இடத்துல ஆர்ஓவுக்குத் தடை போடுங்கன்னு மத்திய அரசுக்கு உத்தரவு போட்டுச்சு. ஆனா இன்னைக்கும் 340 இருக்க வீட்டு வாசல்ல வந்து விக்கிறாங்க, கேக்க நாதியில்ல. தண்ணி வரி வாங்குறவங்க, தெருவுக்கு ஒரு போர்டு வச்சு இந்த மாசம் உங்க தண்ணியோட ரிப்போர்ட் இதுன்னு ஒட்டினா இந்த வியாபாரம் பாதி அன்னைக்கே படுத்துடும். பத்தாவதுல வேதிவினைகளோட வகைகள்னு ஒரு பாடமே இருக்கு, சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சின்னு பிள்ளைங்க மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குறாங்க, வீட்டு ஹால்ல அதே வினையை வச்சு ஏமாத்தும்போது வாத்தியாரும் இல்ல புத்தகமும் இல்ல. எனக்கு இதுல ரொம்பக் கோபம் உண்டு.

சரி, ஒரு விதிவிலக்கு இருக்கு, இதைப் பொறுமையா படிங்க, ஏன்னா உங்க அபார்ட்மெண்ட்ல போர் தண்ணியும் கலந்து வர வாய்ப்பிருக்கு. சில போர் தண்ணியில நிஜமாவே இரும்பு இருக்கும். கம்பி, பெட்டி எதுவும் வேணாம், வெள்ளை பக்கெட்ல பிடிச்சு மூடாம ராத்திரி முழுக்க வைங்க. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவா இருந்து, காலையில மஞ்சளடிச்சு அடியில செம்பழுப்பா படிஞ்சிருந்தா அது கரைஞ்ச இரும்பு, நிலத்தடியில காத்து இல்லாததால கரைஞ்ச நிலையில இருந்தது வெளிய வந்ததும் ஆக்சிஜனோட சேர்ந்து துருவா மாறுது, இது வேதியியல் மாற்றம். அந்தத் தண்ணியில டீ போட்டா கறுத்துப் போகும், அதுவும் ஒரு அடையாளம். ஆனா பிடிக்கும்போதே கலங்கலா வந்து காலையில மேல தெளிஞ்சிருந்தா அது வெறும் மண்ணு, அங்க எந்த வினையும் நடக்கல. காலையில முதல்ல திறக்கும்போது மட்டும் செவப்பா வந்து, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடுச்சுன்னா போரும் காரணமில்ல மண்ணும் காரணமில்ல, உங்க பழைய ஜிஐ இரும்பு பைப் துருப்பிடிச்சிருக்கு, பிளம்பரைக் கூப்பிடுங்க. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. அதுல முதல் வகையா இருந்தாலும் நேரா ஆர்ஓ வைக்காதீங்க, இரும்பு மெஷினோட மெம்பிரேன்ல, அதாவது அந்த வடிகட்டுற சவ்வுல அடைச்சுக்கிட்டு சீக்கிரமே மாத்தச் சொல்லும், விக்கிறவருக்கு அதுல வருமானம் வேற. தண்ணியைக் காத்துபடக் கொட்டி மணல் ஃபில்டர்ல விட்டாலே பெரும்பகுதி நின்னுடும், அசோசியேஷன்ல சொல்லி போர் லைன்லயே இரும்பு நீக்குற ஃபில்டர் வைக்கச் சொல்லுங்க.

கலரே காட்டாத பிரச்சனையும் உண்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஃப்ளூரைடு அப்படித்தான், அங்க கதை வேற.

இப்போ நீங்க செய்ய வேண்டியது, ஒரு தடவை லேப்ல கொடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் லேப் இருக்கு, சென்னையில மெட்ரோ வாட்டர்ல கேளுங்க, இல்லைன்னா என்ஏபிஎல் (லேபுகளுக்கு தேசிய அளவுல அங்கீகாரம் தர்ற வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் லேப். விக்கிறவர் "நாங்களே ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம்"னு சொன்னா வேணவே வேணாம், அந்த ரிப்போர்ட் எப்பவும் மெஷின் வாங்கச் சொல்லித்தான் முடியும். கெமிக்கல் டெஸ்டுக்கு சுத்தமான பாட்டிலை அதே தண்ணியால மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க, கிருமி டெஸ்டுக்கு மட்டும் லேப்ல தர்ற ஸ்டெரைல் பாட்டில்தான், அதை அலசக் கூடாது. அரசு லேப்ல அலைய விடுவாங்க, தெரியும், எரிச்சலாத்தான் இருக்கும், இருந்தாலும் 18,500-க்கு அந்த அலைச்சல் மேல். ரிப்போர்ட்ல கிருமி மட்டும்தான் பிரச்சனைன்னா காய்ச்சினா போதும், முடியலைன்னா புற ஊதா ஒளியால கிருமியைக் கொல்ற ஒரு யுவி ஃபில்டர், ஆர்ஓ தேவையில்ல, அது பிடிக்கிற தண்ணியில பாதிக்கு மேல சாக்கடைக்குத்தான் விடும்.

அட்வான்ஸ் 2,000-ஐ ஃபோன்ல கேக்காதீங்க, வாட்ஸ்அப்லயாவது எழுத்துல "ஆர்டர் கேன்சல், பணத்தைத் திருப்பிக் கொடுங்க"ன்னு தேதியோட அனுப்புங்க, ரசீதை ஃபோட்டோ எடுத்து வைங்க. கொடுக்க மாட்டேன்னா 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க, அந்தக் கம்பி வித்தையைப் பத்தியும் அதுலயே சேர்த்துச் சொல்லுங்க.