நாக்குப் பயிற்சி செய்தால் அப்பாவுக்குப் பேச்சு வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. நான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது. பதில் சொல்ல வந்தால் மட்டும் "அது... அது..." என்று திணறி, கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாக்கை நீட்டி மடக்குவது, ஊதுவது என்று தினமும் பயிற்சி கொடுக்கிறோம், பலன் இல்லை. மூன்று மாதம் தாண்டினால் பேச்சு வராது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை இல்லை. முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அப்புறம் மெதுவாகும், அவ்வளவுதான். 2017-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதங்களுக்கு மேலானவர்களுக்கு வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய பேச்சு தேறியது. உங்கள் அப்பாவுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது அஃபேசியா, அதாவது மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாடு என்றே நினைக்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பாதி. வலது கை கால்களை இயக்குவதும் அதுவே. அதனால்தான் இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. 1861-இல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர், "டான்" என்ற ஒரே அசையை மட்டும் சொல்ல முடிந்த ஒருவரைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது. உங்கள் அப்பாவும் அப்படித்தான். சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது. அதற்கான சொல் கைக்குக் கிடைக்கவில்லை. இதை நாக்கை மடக்கிச் சரிசெய்ய முடியாது. சொல் தெரிந்தும் உச்சரிப்பு குழறுகிறவர்களுக்குக்கூட, நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகுவதுதான் அதிகம் உதவும். ஊதும் பயிற்சியை விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் அவரோடு பேசுங்கள்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். அவருக்கு நிஜமாகத் தேவைப்படும் பத்துச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்: வீட்டில் உள்ளவர்களின் பெயர்கள், தண்ணீர், வலி, வேண்டாம் போன்றவை. அவர் திணறும்போது உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். வரவில்லையா, "தாகத்துக்குக் குடிப்போமே" என்று குறிப்பு கொடுங்கள். அதற்கும் வராவிட்டால் "தண்..." என்று முதல் ஒலியை மட்டும் சொல்லுங்கள். பாதிச் சொல்லாக வந்தாலும் போதும், மேலே போங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காரவைக்காமல், இருபது நிமிடமாக மூன்று முறை செய்யுங்கள். களைத்துப்போன மூளைக்குச் சொல் இன்னும் தூரமாகிவிடும்.

அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடிப் பாருங்கள். பேச முடியாத பலருக்குப் பாட்டின் வரிகள் தடையில்லாமல் வரும். முதல்முறை கேட்கும்போது குடும்பமே அழுதுவிடும். பாட்டு வந்துவிட்டால் பேச்சு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆனால் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தாளம் தட்டி, சின்னச் சின்ன வாக்கியங்களுக்குக் கொண்டுபோகும் சிகிச்சை உண்டு. ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தெரிந்த பொருளைக் காட்டி "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்" என்று வந்தவர்கள் முன்னால் பரீட்சை வைக்காதீர்கள். அறுபது வயது மனிதருக்கு அது பெரிய அவமானம். அவர் கோபத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சைகை செய்தாலோ படம் வரைந்தாலோ தடுக்க வேண்டாம், அதனால் பேச்சு கெடாது. "ஆமாம்", "இல்லை" இரண்டையும் அவர் மாற்றிச் சொல்லக்கூடும்; முக்கியமான விஷயமென்றால் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கோபம் போய் எதிலும் ஆர்வமில்லாமல் ஒடுங்கிவிட்டார் என்றால், தூக்கமோ பசியோ குறைந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு அடிக்கடி வரும், அதற்குச் சிகிச்சையும் உண்டு. தண்ணீர் குடிக்கும்போது இருமினால், விழுங்கும் திறனையும் சோதிக்க வேண்டும். இருக்கிற பேச்சு திடீரென்று மோசமானால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, அடுத்த முறை தெரபிஸ்டிடம் போவதற்கு முன்பு ஒரு வாரம், அவர் வாயிலிருந்து தானாக வந்த சொற்களையெல்லாம் ஒரு தாளில் குறித்து வையுங்கள். திட்டு வார்த்தை வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், கூச்சப்பட வேண்டாம். மற்ற எதுவும் வராதபோதும் பலருக்கு அது வரும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரபிஸ்ட் முடிவு செய்ய அந்தத் தாள் உதவும்.